விசிறியை மாற்றும் முன் விசாரியுங்கள்

காரின் ரேடியேட்டர் ஃபேன் சுற்றாவிட்டால் பழி முதலில் ஃபேன் மீதுதான் விழுகிறது. பழுது ஒரு சென்சாரிலோ, ரிலேயிலோ, துருப்பிடித்த எர்த் வயரிலோ இருக்கலாம். தேடும் முறை தெரிந்தால் பணம் மிஞ்சும், இன்ஜினும் பிழைக்கும்.

அக்னி நட்சத்திரம் தொடங்கும் மே முதல் வாரத்தில் தமிழ்நாட்டில் எந்த ஊர் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் ஒரு புகார் காதில் விழும்: “வண்டி ஹீட் ஆகுதுண்ணே.” இதைக் கேட்டதும் சில மெக்கானிக்குகள் பதிலுக்குக் கேள்வி கேட்பார்கள். எப்போது ஹீட் ஆகிறது, சிக்னலில் நிற்கும்போதா, மேடு ஏறும்போதா? ஏசி போட்டிருந்தீர்களா? கூலன்ட் குறைகிறதா? வேறு சிலர் போனட்டைத் திறந்து பார்ப்பார்கள். ஃபேன் சுற்றவில்லை என்றதும் தீர்ப்பு வந்துவிடும்: “ஃபேன் போயிடுச்சு சார், மாத்திடலாம்.” அல்லது, “டைரக்ட் கொடுத்துடுறேன், இனிமே பிரச்னையே வராது.”

கேள்வி கேட்பவரிடம் போன வண்டி பெரும்பாலும் சில நூறு ரூபாயில் திரும்புகிறது. தீர்ப்பு சொல்பவரிடம் போன வண்டி புது மோட்டாரோடு திரும்பி, அடுத்த வாரமே அதே சிக்னலில் மறுபடி கொதிக்கக்கூடும். ஃபேன் தானாக முடிவெடுத்துச் சுற்றும் பொருள் அல்ல. வேறொரு இடத்திலிருந்து வரும் கட்டளைக்குக் கடைசியில் பணிவது அது. கட்டளை எங்கே அறுந்தது என்று பார்க்காமல் ஃபேனை மட்டும் மாற்றுவது வைத்தியம் ஆகாது.

எரியும் பெட்ரோலில் வீணாகும் சூடு

இன்ஜினுக்குள் எரியும் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதைச் சூழ்ந்திருக்கும் சிலிண்டர் ஹெட்டோ, இன்றைய கார்களில் பெரும்பாலும் அலுமினியம். தூய அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். பெட்ரோலில் அடங்கிய ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்தும் வேலையாக மாறுகிறது. ஏறக்குறைய அதே அளவு சைலன்சர் வழியே புகையோடு போய்விடுகிறது. மீதிச் சூட்டின் பெரும்பகுதியைக் கூலன்ட்தான் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்கிவைக்க வேண்டும்.

தண்ணீரும் எதிலீன் கிளைக்காலும் சரிபாதியாகக் கலந்த கூலன்ட், திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே சுமார் ஒரு பார் அளவுக்குக் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கிப்பிடிப்பதால், அதே திரவம் 125 டிகிரியிலும் கொதிக்காமல் இருக்கிறது. பல கார்களில் தெர்மோஸ்டாட் 82 முதல் 90 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கி, கூலன்டை ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. ஃபேன் 95 முதல் 105 டிகிரிக்குள் ஓடத் தொடங்கி, சூடு சில டிகிரி இறங்கியதும் நிற்கிறது.

வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், முன் கிரில் வழியே வரும் காற்றே ரேடியேட்டருக்குப் பெரும்பாலும் போதும். ஃபேனுக்கு வேலை வருவது வண்டி நிற்கும்போதும் ஊரும்போதும்தான். சென்னையில் 2003 மே மாதம் வெயில் 45 டிகிரியைத் தொட்டது. அப்படி ஒரு மதியத்தில், ஏசி ஓட, கத்திப்பாராவில் நகராமல் நிற்கும் காரின் இன்ஜினைக் காப்பாற்றுவது அந்த மோட்டார் ஒன்றுதான்.

பெல்ட்டிலிருந்து வயருக்கு

விசிறியின் தேவை காரின் ஆரம்ப காலத்திலேயே தெரிந்துவிட்டது. ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்து 1901இல் புகழ்பெற்ற மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் காரில், 8,070 சிறு குழாய்களை அடுக்கிய தேன்கூடு ரேடியேட்டர் இருந்தது. மெதுவாகப் போகும்போதும் காற்று கிடைக்க அதன் பின்னால் ஒரு விசிறியை வைத்தார். அதனால் அந்தப் பெரிய இன்ஜினுக்கு 9 லிட்டர் தண்ணீரே போதுமானதாக இருந்தது.

நம் ஊர் அம்பாசடரில் விசிறியைச் சுற்றியது இன்ஜினோடு இணைந்த பெல்ட். இன்ஜின் ஓடினால் விசிறியும் ஓடும். விசிறி மட்டும் நின்றால் பெல்ட் அறுந்திருக்கிறது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. முன் சக்கரங்களை இயக்கும் இன்ஜின் அதில் குறுக்குவாட்டில் உட்கார்ந்தது. பெல்ட் ஓடும் பக்கம் சக்கரத்தை நோக்கித் திரும்பிவிட்டதால், முன்னால் இருக்கும் விசிறியைப் பெல்ட்டால் சுற்ற வழியில்லாமல் போனது. மின்சார ஃபேன் நம் தெருக்களில் பரவியது இப்படித்தான். அதோடு, கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்த பழுது வயருக்குள் ஒளிந்துகொண்டது.

இன்றைய காரில் கட்டளை போகும் பாதை இது. கூலன்டில் மூழ்கியிருக்கும் சென்சார் சூட்டை உணர்கிறது. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ அதைப் படித்து முடிவெடுக்கிறது. ஈசியூ அனுப்பும் சிறு மின்சாரம் ரிலேயை இயக்குகிறது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியே வரும் பெரிய மின்சாரத்தை ரிலே மோட்டாருக்குத் திறந்துவிடுகிறது. மோட்டாரைக் கடந்த மின்சாரம் எர்த் வயர் வழியே பேட்டரிக்குத் திரும்புகிறது. பழைய கார்களில் சென்சாரும் ஈசியூவும் செய்வதை ரேடியேட்டரில் திருகிய ஒரு தெர்மோ ஸ்விட்ச் செய்துவந்தது. பாதையில் எந்தக் கண்ணி விட்டாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: ஃபேன் சுற்றாது.

முதல் கேள்வி: எப்போது ஹீட் ஆகிறது?

கையில் எந்தக் கருவியும் எடுக்கும் முன்பே பாதிப் பதில் கிடைத்துவிடும். சிக்னலில் நின்றால் முள் ஏறுகிறது, ஜிஎஸ்டி சாலையில் ஓடினால் இறங்குகிறது என்றால், சந்தேகம் ஃபேன் மீதும் அதற்கு வரும் கட்டளைப் பாதை மீதும் போக வேண்டும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போதே ஏறுகிறது என்றால், ஃபேனை விட்டுவிட்டு ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹெட் கேஸ்கெட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் ஏறும் வண்டிக்கு இந்த இரண்டு சோதனையும் ஒரே நேரத்தில் நடக்கிறது. பாரம் அதிகம், காற்று குறைவு. மலையில் மட்டும் ஹீட் ஆகும் காரில் ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறதா என்பதையும், ரேடியேட்டர் சுத்தமாக இருக்கிறதா என்பதையும் சேர்த்தே சோதிக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி கூலன்ட் பற்றியது. அளவு குறைந்து சென்சாரின் முனை காற்றில் நின்றால், சுற்றிலும் இன்ஜின் கொதித்தாலும் சென்சாருக்குச் சரியான சூடு தெரியாது. ஃபேனுக்குக் கட்டளையே போகாது. இன்ஜின் முழுதாக ஆறியபின் ரேடியேட்டரையும் கூலன்ட் பாட்டிலையும் பார்க்காமல் ஃபேனைச் சோதிப்பதில் பயனில்லை.

மூன்றாவது கேள்வி காற்றின் பாதை பற்றியது. கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துச் சாலைகளில் வண்டிகள் மிதித்துப்போகக் கேழ்வரகுத் தாளையும் கொள்ளுச் செடியையும் பரப்பியிருப்பார்கள். அங்கே கிளம்பும் தூசும் தும்பும், இரவுப் பயணத்தில் மோதும் பூச்சிகளும், முன்னால் இருக்கும் ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் போய் மெத்தைபோல் படிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஃபேன் நன்றாகச் சுற்றினாலும் காற்று போகாது.

ஏசி பட்டனில் தொடங்கும் சோதனை

வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில், இன்ஜின் குளிர்ந்திருந்தாலும், ஏசி ஓடத் தொடங்கிய சற்று நேரத்தில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றுகிறது, ஆனால் ஏசி இல்லாமல் இன்ஜின் சூடேறும்போது சுற்றுவதில்லை என்றால், மோட்டார் நல்லது, அதற்கு மின்சாரம் வரும் வழியும் நல்லது. சூட்டை உணரும் பக்கம்தான் பழுது. இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாததால் எத்தனையோ நல்ல மோட்டார்கள் கழற்றப்படுகின்றன.

ஏசி போட்டும் சுற்றவில்லை என்றால், சாவி ஆன் நிலையில் இருக்க, சென்சாரின் கப்ளரைக் கழற்றிப் பார்க்கலாம். சென்சார் காணாமல் போனால் பல கார்களின் ஈசியூ ஆபத்தைக் கருதி ஃபேனை ஓடவிடும். அப்போது ஃபேன் ஓடினால் ஈசியூ, ரிலே, மோட்டார் மூன்றும் சந்தேகத்திலிருந்து விடுபடுகின்றன. பழைய கார்களில் தெர்மோ ஸ்விட்ச்சின் இரண்டு வயர்களையும் ஒரு சிறு வயரால் இணைத்தால் இதே பதில் கிடைக்கும்.

அதற்கு அடுத்தது ஃபியூஸும் ரிலேயும். ஃபேனின் ஃபியூஸ் பொதுவாக 30 அல்லது 40 ஆம்பியர். அறுந்திருந்தால் புது ஃபியூஸ் போடுவதோடு நிறுத்தக் கூடாது, ஏன் அறுந்தது என்று கேட்க வேண்டும். பேரிங் இறுகிச் சுற்ற முடியாமல் திணறும் மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும். அந்த நிலையில் பெரிய ஃபியூஸ் போடுவது வயரிங்கில் தீ வைப்பதற்குச் சமம். ரிலேயைச் சோதிக்க, ஃபியூஸ் பாக்ஸிலேயே அதே எண் கொண்ட இன்னொரு ரிலே இருந்தால் மாற்றிச் செருகிப் பார்க்கலாம். ரிலேயின் 85, 86 என்ற கால்களுக்கு மின்சாரம் கொடுத்தால் ‘டிக்’ என்று சத்தம் வரும். ஆனால் அந்தச் சத்தத்தை மட்டும் நம்பக் கூடாது. 30, 87 என்ற கால்களுக்கு இடையிலான முனைகள் கருகியிருந்தால், சத்தம் வந்தும் மின்சாரம் போகாது.

கடைசியில்தான் மோட்டார். பேட்டரி முனையைக் கழற்றிவிட்டு, ஆறிய இன்ஜினில் இறக்கையைக் கையால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். கரகரத்தாலோ ஆடினாலோ பேரிங் போய்விட்டது. சுற்றாத மோட்டாரை லேசாகத் தட்டியதும் ஓடுகிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. இன்று ஓடிய அந்த மோட்டார் நாளை நிற்கும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த வயரில் நேரடியாக மின்சாரம் கொடுத்தும் ஓடாவிட்டால், அப்போது தாராளமாக மோட்டாரை மாற்றலாம்.

மாற்றியபின் ஒரு சோதனை பாக்கி உண்டு. வயர் முனைகள் இடம் மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றி, உள்ளே இழுக்க வேண்டிய காற்றை வெளியே தள்ளும். ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேன் இருக்கும் காரில், கிரில் முன்னால் ஒரு நாளிதழ்த் தாளைப் பிடித்தால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும்.

இரண்டு வேகத்தில் ஓட வேண்டிய ஃபேன் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது என்றால் அதுவும் பழுதே. பல கார்களில் குறைந்த வேகம் ஒரு ரெசிஸ்டர் வழியாக வருகிறது. ரெசிஸ்டர் எரிந்துபோனால் குறைந்த வேகம் காணாமல் போய், சூடு மிகவும் ஏறியபிறகே ஃபேன் முழு வேகத்தில் இரையும். மாறாக, சாவியை எடுத்தபின்னும் ஃபேன் நிற்காமல் ஓடி, காலையில் பேட்டரி இறங்கியிருந்தால், ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டனவா என்று பாருங்கள். சாவியை எடுத்தபின் சில நிமிடம் மட்டும் ஓடி நிற்பது பல கார்களில் இயல்பு.

12 வோல்ட் காட்டியும் ஓடாத மோட்டார்

அனுபவசாலிகளையும் ஏமாற்றும் பழுது ஒன்று இருக்கிறது. ஃபேன் கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டரை வைக்கிறார்கள். 12 வோல்ட் காட்டுகிறது. மின்சாரம் வருகிறது, மோட்டார் ஓடவில்லை, ஆகவே மோட்டார்தான் பழுது என்று முடிவெடுக்கிறார்கள். புது மோட்டாரும் ஓடுவதில்லை, அல்லது சோர்வாக ஓடுகிறது.

மல்டிமீட்டர் இழுக்கும் மின்சாரம் மிக மிகக் குறைவு. மோட்டார் இழுப்பதோ 10 முதல் 25 ஆம்பியர் வரை. மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் பாதி அடைத்திருந்தாலும், குழாயை மூடியிருக்கும்வரை அழுத்தம் முழுதாகத்தான் இருக்கும். திறந்து வாளியை வைக்கும்போதுதான் அடைப்பு தெரியும். வயரும் அப்படித்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். துருப்பிடித்த ஓர் இணைப்பில் 0.1 ஓம் தடை மட்டுமே இருக்கிறது என்று கொள்வோம். அதில் 20 ஆம்பியர் ஓடினால் 2 வோல்ட் அங்கேயே தொலைகிறது. மோட்டார் வேகம் குறைகிறது. அந்த இணைப்பில் மட்டும் 40 வாட் சூடு உண்டாகிறது. கப்ளரின் பிளாஸ்டிக் உருகிக் கருகுவது இதனால்தான். உருகிய கப்ளரைப் பார்த்தும் புது மோட்டாரை அதிலேயே செருகினால், அதுவும் கொஞ்ச நாளில் அடங்கிவிடும்.

சரியான சோதனை, கப்ளர் மாட்டியிருக்க, ஃபேன் ஓடும் கட்டளையில் இருக்கும்போது அளப்பது. பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் மோட்டாரின் பாசிட்டிவ் வயருக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அந்த வழியில் எங்கோ தடை இருக்கிறது. மோட்டாரின் எர்த் வயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையேயும் அப்படியே. பல நேரங்களில் பழுது இந்த எர்த் பக்கத்தில்தான் சிக்கும். நாகப்பட்டினம், தூத்துக்குடி, சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலை என்று உப்புக்காற்று வீசும் இடங்களில் பாடி எர்த் போல்ட்டுகள் பச்சை பூத்துக் கிடக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் மூழ்கிய கார்களில், காய்ந்து ஓடத் தொடங்கியவற்றுக்குள்ளும் அந்த ஈரம் தன் வேலையைச் செய்திருக்கும். போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் தீரக்கூடிய பழுதுக்குப் புது மோட்டார் வாங்குவது வேதனை.

‘டைரக்ட்’ என்னும் வைத்தியம்

பழுது பிடிபடாதபோது ஒர்க்‌ஷாப்புகள் கைவைக்கும் கடைசி ஆயுதம் டைரக்ட். சாவியைப் போட்டதும் ஃபேன் ஓடும்படி வயரை இணைத்துவிடுவார்கள். முள் ஏறாது. வாடிக்கையாளர் மகிழ்ச்சியாகப் போவார். நடுவழியில் நிற்கும் வண்டியை வீடு சேர்க்க இது உதவும் என்பதை மறுக்கவில்லை. நிரந்தர ஏற்பாடாக்குவதுதான் தவறு.

சூட்டைச் சொல்லும் அதே சென்சாரைப் பார்த்துத்தான் இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று ஈசியூ முடிவெடுக்கிறது. கெட்டுப்போன சென்சார் இன்ஜின் குளிர்ந்திருப்பதாகவே சொல்லிக்கொண்டிருந்தால், ஈசியூ பெட்ரோலை அள்ளிக் கொட்டும். மைலேஜ் விழும், புகை கறுக்கும். டைரக்ட் கொடுத்தால் ஃபேன் ஓடும், சென்சாரின் பொய் தொடரும். ஓய்வில்லாமல் ஓடும் மோட்டாரின் பிரஷ்ஷும் பேரிங்கும் சீக்கிரம் தேயும். ஃபியூஸும் ரிலேயும் இல்லாமல் மெல்லிய வயரில், சாதாரண ஸ்விட்ச்சில் கொடுத்த டைரக்ட் தீப்பிடிக்கவும் செய்யும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்துப் பார்க்கும் மெக்கானிக்குக்குக் கம்பெனி வயரிங் படம் இனி உதவாது.

வயரிங் படம் யாருக்குச் சொந்தம்?

மெக்கானிக்குகளை மட்டும் குறை சொல்லி முடிப்பது நியாயம் ஆகாது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்தபின் விற்கும் கார்களில் ஓபிடி சாக்கெட் இருக்கிறது. ஸ்கேனரைச் செருகினால் பி0480 என்ற குறியீடு ஃபேன் கட்டுப்பாட்டுச் சுற்றைக் காட்டும். பி0117, பி0118 இரண்டும் கூலன்ட் சென்சார் சுற்றைக் காட்டும். இரவு முழுதும் நின்ற காரில் காலையில் கூலன்ட் சூடும் உள்ளிழுக்கும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். சென்னைக் காலையில் கூலன்ட் மைனஸ் 40 என்று காட்டினால் அந்தச் சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. ஸ்கேனரிலிருந்தே ஃபேனுக்கு ஓடு என்று கட்டளை கொடுத்தும் சோதிக்கலாம். ஆனால் குறியீடு தெருவைத்தான் சொல்லும், வீட்டைச் சொல்லாது. எந்த நிற வயர் எந்தக் காலுக்குப் போகிறது என்ற படம் கையில் இருந்தால்தான் பழுதைத் தொட முடியும்.

அந்தப் படமும், நிறுவனத்தின் முழுத்திறன் ஸ்கேனரும் சிறு ஒர்க்‌ஷாப்புகளுக்கு எளிதில் கிடைப்பதில்லை. உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட்டில் ரூ.2,544.65 கோடி அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்தபோது, அதன் வரம்பில் வாகனங்களும் இருந்தன. ஒரு ஃபேன் ரிலேயின் வயர் நிறத்தைத் தெரிந்துகொள்வதுகூட இந்த உரிமையைச் சார்ந்த விஷயம்தான்.

நடுவழியில் முள் ஏறினால்…

▪ ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், ப்ளோயரை முழு வேகத்தில் வையுங்கள். இன்ஜின் சூட்டில் ஒரு பகுதி காருக்குள் இறங்கும்.

▪ முள் சிவப்புக்குப் போனால், அல்லது முள் இல்லாத கார்களில் சிவப்பு விளக்கு எரிந்தால், ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். ‘இன்னும் கொஞ்ச தூரம்தான்’ என்று ஓட்டினால் ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய், லேத்தில் ஃபேசிங் செய்யும் வேலை வரும்.

▪ சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விடுபட்டதும் கூலன்ட் கொதித்துப் பீறிட்டு முகத்தையும் கையையும் வெந்துபோகச் செய்யும்.

▪ கொதிக்கும் இன்ஜின் மீது குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள். உலோகம் விரிசல் விடலாம்.

▪ இன்ஜின் நின்றிருந்தாலும் மின்சார ஃபேன் திடீரென்று ஓடும். கை, துணி, சேலைத் தலைப்பு எதுவும் அருகில் போகக் கூடாது.

▪ கூலன்டைக் கீழே சிந்தவிட்டுப் போகாதீர்கள். எதிலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். தெருநாயும் குழந்தையும் ஆபத்தில் சிக்கும்.

கூலி எதற்கு?

இந்தப் பிரச்னையில் வண்டி வைத்திருக்கும் நமக்கும் பங்கு இருக்கிறது. ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அரை மணி நேரம் குனிந்து நின்று, டெஸ்ட் லேம்ப்பும் மல்டிமீட்டருமாகத் தேடி, ஒரு எர்த் போல்ட்டை இறுக்கிப் பழுதைத் தீர்க்கிறார். கூலி கேட்டால், “ஒரு போல்ட்டை முடுக்கினதுக்கா இவ்வளவு?” என்கிறோம். அதே வண்டிக்குத் தேவையே இல்லாத மோட்டாரை மாற்றி சில ஆயிரத்துக்கு பில் போட்டால் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம். கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லை, மாற்றினால்தான் கூலி என்று நாம் வைத்திருக்கும்வரை ஒர்க்‌ஷாப்புகள் மாற்றிக்கொண்டேதான் இருக்கும்.

அடுத்த முறை “ஃபேன் போயிடுச்சு” என்று யாராவது சொன்னால், மரியாதையோடு மூன்று விஷயம் கேளுங்கள். ஏசி போட்டுப் பார்த்தீர்களா? ஃபேன் ஓட வேண்டிய நேரத்தில் மோட்டார் முனையில் எத்தனை வோல்ட் இருந்தது? எர்த் பக்கம் அளந்தீர்களா? மூன்றுக்கும் பதில் சொல்பவர் கிடைத்தால், அவர் ஒரு பாகத்தைக்கூட மாற்றாமல் வண்டியைச் சரிசெய்தாலும், கேட்ட கூலியை முழுதாகக் கொடுங்கள். உங்கள் இன்ஜினைக் காப்பாற்றியது அவர் செலவழித்த அந்த அரை மணி நேரம்தான்.